அக்கா காலியாக விட்ட கட்டம்

"நீங்க பாத்தியளா அண்ணாச்சி?"

அக்கா என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். வெளியே மழை என்று சொன்னாலும் கேட்பார், எதிர்க் கடைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாலும் கேட்பார். அதில் சந்தேகம் இருக்காது. கீரைக்காரியிடம் இது இன்றைக்குப் பறித்ததா நேற்றுப் பறித்ததா என்று கேட்போமே, அந்த மாதிரி ஒரு விவரத்துக்காகக் கேட்பது. நான் பார்க்கவில்லை, இன்னார் சொன்னார் என்றால், "சரி, அப்ப அவரு சொல்லுதாரு" என்று திருத்திக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். முதல் ஒரு மாதம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கேட்க ஆள் இல்லாமல் போன இந்த ஒரு வருடமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, புதுமனை புகுவிழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இருபத்தைந்து வருடம் ஓட்டியாகிவிட்டது. என் தொழிலில் வெளியே தெரியாத ஒரு சங்கதி உண்டு. வருகிறவர்கள் கொண்டுவரும் காகிதம் எப்போதும் அரைகுறைதான். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் இருக்கும், அவர் ஊர் இருக்காது. விருந்து இருக்கும், நேரம் இருக்காது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று இதுவரை ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை. எல்லாம் நான் போடுவதுதான். செத்துப்போனவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. 'பண்பின் சிகரம்' என்று போட்டுவிடுவேன். வீட்டார் வந்து பார்த்துக் கண் கலங்கி, "எங்க மனசுல உள்ளத அப்படியே போட்டுட்டிய அண்ணாச்சி" என்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை. அடிக்கிற தாளில் எங்காவது ஓர் இடம் வெறுமையாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் அக்கா வந்து சேர்ந்தார்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைக்காரன் என்பதால் எனக்கு அவர் அண்ணாச்சி போட்டார், வயதுக்காக நான் அவரை அக்கா என்றேன். பருத்திச் சேலை, காலில் ஆம்பிளைச் செருப்பு, கையில் ஆம்பிளை வாட்ச். முதல்நாள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே கேசட்டுகள். இன்னொரு பையில் நான்கு தடித்த நோட்டுகள்.

"இத ஒரு புஸ்தகமாக்கணும். எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிக்கணும்" என்றார்.

"இங்கிலீசா அக்கா?"

"இல்ல. நீங்க இதுவரைக்கும் கேள்விப்படாத ஒரு பாஷை."

பிரேசில் நாட்டின் மேற்கு ஓரத்தில், காட்டுக்குள் ஓடும் ஓர் ஆற்றங்கரையில் பேசுகிற மொழி அது. துப்பி என்று அங்கே ஒரு பெரிய மொழிக்குடும்பம் இருக்கிறது. நம் திராவிடக் குடும்பம் போல. அதில் பத்துக் கிளைகள். ஒரு சின்னக் கிளையில் ஐந்து மொழிகள், ஐந்தும் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கிடக்கின்றன. அந்த ஐந்தில் ஒன்றுக்குத்தான் அக்கா இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். மொழியின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். வாத்தியார் வீட்டுப் பெண்ணாகப் பாளையங்கோட்டையில் பிறந்து, மொழியியல் படித்து, அந்தக் கரையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர் அவர். அம்மா படுக்கையில் விழுந்ததால் ஊருக்குத் திரும்பிவிட்டார். வந்த இடத்தில் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது.

அவர் குணத்துக்கு அந்த மொழி வாய்த்ததா, அந்த மொழியால் அந்தக் குணம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நானே கேட்டேன். "தெரியலையே" என்றார். அவர் வாயில் அடிக்கடி வருகிற இன்னொரு சொல் அது.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை பதினோரு மணிக்குத் தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. மேலே அணை உடைந்துவிட்டதாம், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறதாம். எல்லாருடைய போனிலும் அதே செய்தி. எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இழுத்துக்கொண்டே, "என்ன வே இன்னும் உக்காந்திருக்கீரு, ஓடும் வே" என்று கத்தினார். நான் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்மேல் வைக்கப் பார்த்தேன். அக்கா எழுந்து குடையை எடுத்தார். "யாரு பாத்தாங்க?" என்று தெருவில் நாலு பேரிடம் கேட்டார். ஒருத்தரும் பார்க்கவில்லை. அரைக்கண் தெரிகிற மனுஷி, ஆட்டோ பிடித்துக் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்துக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து நனைந்து வந்தார்.

"தண்ணி நெறைய போகுது. பாலத்தத் தொடல. போலீஸ்காரர் ஒருத்தர்ட்டயும் பாக்கச் சொல்லிக் கேட்டேன். அணையப் பத்தி எனக்குத் தெரியாது."

அணை உடையவில்லை. ஆனால் அக்கா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் அவரைத் தெய்வமாகக் கும்பிட்டிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மாலை டைப் அடிக்கிறபோது சிரித்துக்கொண்டே சொன்னார். "நம்ம 'உடைஞ்சிட்டாம்'னு ஒரு 'ஆம்' போடுதோம்லா. அங்கயும் அப்படி ஒண்ணு உண்டு அண்ணாச்சி. நாம இஷ்டப்பட்டா போடுவோம். அவங்க கண்ணால பாக்காத சங்கதின்னா போட்டே ஆவணும்."

சிரிக்கும்போது அவருக்குச் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

இந்தக் குணம் சில சமயம் பயமாகவும் இருக்கும். அவர் வீட்டுக்கு நானும் என் மனைவியும் ஒருமுறை போனோம். படுக்கையில் அம்மா. எலும்பும் தோலுமாக இருந்த அந்த அம்மா, எங்கள் முன்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, கிறிஸ்மசுக்குள்ள நான் எந்திரிச்சு நடந்துருவேனா?" என்று கேட்டது. அக்கா அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "தெரியலம்மா" என்றார். திரும்பி வரும்போது என் மனைவிக்கு ஆறவே இல்லை. "நடந்துருவன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்க முத்தா உதிர்ந்துரும்?" என்றாள். மறுநாள் அதை நான் பையச் சாடையாகக் கேட்டுவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "மத்தவங்க எல்லாரும் நடந்துருவீங்கன்னு சொல்லியாச்சு அண்ணாச்சி. அது தெரிஞ்சுதான் அம்மா என்னையக் கேக்கா" என்றார்.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த சமயம். பையன் வீட்டார் விசாரிக்க வந்தவர்கள் கடையில் அக்காவைப் பார்த்தார்கள். படித்த மனுஷி, வெளிநாட்டில் இருந்தவர் என்று அவரிடம் போய்ப் பெண் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். "நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவயும் நல்லா சிரிச்சுது. வேற எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வேறு காரணமாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு மனதில் ஒரு முள் தைத்துவிட்டது. தங்கமான பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அதைச் சும்மா போட்டுக் கொடுக்கிறேனே. இந்த முள்ளை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்தில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். கட்டத்தை நிரப்பத்தான் நிரப்பினேன் என்று முழுக்கச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வேலை ஆறு மாதம் நடந்தது. வயிற்றில் குறுக்குக் கோடு போட்ட இங்கிலீஷ் ஐ, தலையில் நெளிகோடு போட்ட ஏ, புள்ளி இல்லாத கேள்விக்குறி என்று எழுத்துகளே வேறு மாதிரி. அதற்கென்று தனியாக ஃபாண்ட் ஏற்றினேன். நோட்டில் இருப்பதை நான் எழுத்தெழுத்தாக வாசிப்பேன், அக்கா வாயால் சொல்லிச் சரிபார்ப்பார், பிறகு அடிப்பேன். அந்த இலக்கணத்தில் அவர் தன் கைச்சரக்காக ஒரு வாக்கியமும் சேர்க்கவில்லை. உதாரணம் ஒவ்வொன்றும் அங்கே ஒரு மனிதர் வாயிலிருந்து நிஜமாக வந்தது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒரு கிழவர், ஒரு கிழவி. கிழவர் சொன்ன வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன வட்டம். கிழவி சொன்னது என்றால் ஒரு சின்ன முக்கோணம். புத்தகம் ஆரம்பிக்கும்போதே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"ஒரு வாக்கியம் விதிப்படி சரியா இருந்தா போதாதா அக்கா? யாரு சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"விதி நான் எழுதுனது. வாக்கியம் அவங்களுது" என்றார்.

உறவுமுறை அத்தியாயத்தில் ஒரு பெரிய அட்டவணை வந்தது. அந்த மொழியில் அம்மா என்று மொட்டையாகச் சொல்ல முடியாதாம். என் அம்மா, உன் அம்மா, அவன் அம்மா என்று யாருடைய அம்மா என்பதையும் சேர்த்தேதான் சொல்லவேண்டும். "நம்ம பழைய தமிழ்லயே உண்டே அண்ணாச்சி. யாய்னா என் அம்மா, ஞாய்னா உன் அம்மா, தாய்னா அவன் அம்மா. நாமதான் தொலச்சிட்டோம்" என்றார் அக்கா. எனக்கு அது பிடித்துப்போனது. அந்த மொழியில் 'என் அம்மா' என்பதை அவர் சொல்லச் சொல்ல நானும் சொல்லிப் பார்த்தேன். மூக்கால் முனகுகிற மாதிரி, செல்லமாக இருந்தது. அந்த ஒரு சொல் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அட்டவணையில் இடதுபக்கம் உறவுகள். நடுவில் வட்டம், அதாவது கிழவர் சொன்ன வாக்கியம். வலப்பக்கம் முக்கோணம், கிழவி சொன்னது. அத்தை, மாமன், அண்ணன், தங்கை எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் வாக்கியம் இருந்தது, கீழே சொல்லுக்குச் சொல் அர்த்தமும் இருந்தது. 'என் அம்மா' வரிசையில் மட்டும் முக்கோணத்துக் கட்டம் காலி.

"இங்கன ஒண்ணு விட்டுப்போச்சு அக்கா."

"விட்டுப்போகல. காலியா இருக்கட்டும்."

"ஒரு கோடாவது போட்டுருதேன்."

"வேண்டாம். கோடு போட்டா இல்லன்னு அர்த்தம் ஆயிரும். காலியாவே இருக்கட்டும்."

காரணம் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அக்காவிடம் முன்பு படித்த ஒரு பெண் பிரேசிலுக்குப் போக இருந்தாள். அவள் கையில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூறு பிரதிகள் கொடுத்து அனுப்பவேண்டும். ப்ரூஃப் முடிந்து, அக்கா சரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் பைலை மூடுமுன் கடைசியாக ஒருமுறை பக்கங்களை ஓட்டினேன். அந்த அட்டவணை வந்து நின்றது. அத்தனை கட்டங்களுக்கு நடுவில் அது மட்டும் வெள்ளையாக, பல் விழுந்த வாய் மாதிரி. பார்க்கிறவன் என்ன சொல்வான்? டைப் அடித்தவனுக்கு அசட்டை என்றுதானே சொல்வான்?

கிழவரின் வாக்கியத்திலிருந்து 'என் அம்மா'வை வெட்டி எடுத்தேன். கிழவியின் 'என் அத்தை சோளம் இடித்தாள்' என்ற வாக்கியத்திலிருந்து 'சோளம் இடித்தாள்' என்பதை எடுத்தேன். இரண்டையும் காலிக் கட்டத்தில் ஒட்டினேன். என் அம்மா சோளம் இடித்தாள். எந்த அம்மாதான் இடிக்கவில்லை? கடைசியில் ஒரு முக்கோணம் போட்டேன். இரண்டு நிமிட வேலை. அதன்பிறகு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு வீட்டில் கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அதுகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். உட்காரவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் போர்த்துக்கீசில் பேசி அனுப்பியிருந்தாள். அவள் அந்தக் கிழவியின் பேத்தி. அக்கா அதை ஓடவிட்டுத் தமிழில் சொன்னார்.

"எங்க பாட்டி அவ அம்மாவப் பத்தி ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. சின்னப் பிள்ளையில அம்மாவப் பறிகொடுத்தவான்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். உங்க புஸ்தகத்துல ஒரு வரி இருக்கு. வாசிச்சு எங்க வீட்டுல எல்லாரும் அழுதோம். பள்ளிக்கூடச் சுவத்துல அத எழுதி வச்சிருக்கோம். பிள்ளைங்க தெனமும் சொல்லுது."

படமும் அனுப்பியிருந்தாள். நீலச் சுவர். மஞ்சள் பெயிண்டில் நான் வெட்டி ஒட்டிய வரி. அதன் கடைசியில் ஒரு முக்கோணம்.

"இது எந்த வரி அண்ணாச்சி? எனக்கு எழுத்துத் தெரியல. வாசிங்க."

வாசித்தேன்.

"வட்டமா, முக்கோணமா?"

"முக்கோணம் அக்கா."

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். "இந்தக் கட்டம் காலியால்லா இருந்துது. இது எங்கன இருந்து வந்துது?"

"உங்க நோட்டுல இருந்துது அக்கா. ஓரத்துல எழுதியிருந்திய. கடைசியாத்தான் கண்ணுல பட்டுது, சேத்துட்டேன்."

"நீங்க பாத்தியளா?"

இருபத்தைந்து வருடத் தொழிலில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய் அடித்துக் கொடுத்திருக்கிறேன். வாயால் சொன்ன பொய்களில் இதுபோல் ஒன்று இல்லை.

"பாத்தேன்" என்றேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. "அவ எங்கிட்டச் சொல்லவே மாட்டான்னுல்லா நெனச்சிருந்தேன். அப்ப சொல்லியிருக்கா. நாந்தான் மறந்திருக்கேன்" என்றார். பிறகு, "இத எப்படி அண்ணாச்சி நான் மறப்பேன்?" என்று என்னையே கேட்டார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் அவருக்குக் கடுங்காப்பி வாங்கி வரப் போய்விட்டேன்.

அடுத்த நாளே நோட்டில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய் நான்கு நோட்டையும் புரட்டுவது போல் புரட்டினேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, "மெதுவாப் பாருங்க, அவசரமில்ல" என்று பிஸ்கட் எல்லாம் வைத்தார். அன்றைக்குப் பார்த்தது நினைவிருக்கிறது, இன்றைக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றேன். தாள் கழன்று விழுந்திருக்கலாம் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க நாலு பொய்.

"பரவாயில்ல. நோட்டுல இருந்தா கேசட்லயும் இருக்கும். கண்ணுதான் போச்சு, காது இருக்குல்லா" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அவர் கேட்க ஆரம்பித்தார். முதல் கேசட்டிலிருந்து. காதில் ஹெட்ஃபோன், மடியில் ஒரு புது நோட்டு. கேசட் முடிந்ததும் தடித்த பேனாவால் நோட்டில் அதன் நம்பரைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதுவார். அம்மா கண்ணை மூடியதும் அந்தச் சமயத்தில்தான். காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள் போனேன். அக்கா ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நிச்சயமான மனுஷி, பேச்சை நடுவில் நிறுத்தி, "நான் இத உங்கட்ட முன்னயே சொன்னேனா? இப்பல்லாம் எனக்கு என் மேலயே நம்பிக்க இல்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான்தான் அவரை அப்படி ஆக்கினேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை படி ஏறினேன். மூன்று தடவையும் வெண்டைக்காய் விலையைப் பேசிவிட்டு இறங்கினேன். அவர் என்னைத் திட்டுவார் என்ற பயமில்லை. "சரி, அப்ப நீங்கதான் சொன்னது" என்று திருத்திக்கொண்டு, அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்காமல் போய்விடுவார் என்ற பயம்.

அக்கா ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் இருந்தார். கடைசியாகப் பார்த்தபோது, "நாப்பத்தி மூணு முடிஞ்சுது அண்ணாச்சி. அதுலயும் இல்ல" என்றார்.

வெளியூரிலிருந்து அவர் தம்பி வந்தார். "போஸ்டருக்கு நீங்களே நல்ல வார்த்தையா போட்டுருங்க அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா" என்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. பெயர், தெரு, அடக்க ஆராதனை நடக்கும் நேரம், அவ்வளவுதான் போட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "என்ன, மொட்டையா இருக்கு?" என்றார். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் சார்" என்றேன். வீட்டை ஒழிக்கும்போது அந்தப் பிஸ்கட் டின்னையும் புது நோட்டையும் அவரே கொண்டுவந்து என் கடையில் வைத்தார். கேசட்டுகளின் நகல் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதாம். நான் பார்க்கவில்லை.

நாற்பத்து மூன்று 'இல்லை'களை எண்ணிவிட்டு, அந்தப் பேத்திக்கு எழுதினேன். போனிலேயே போர்த்துக்கீசில் மாற்றிக் கொடுக்கிற வசதி இருக்கிறது. இந்த வரியை உங்கள் பாட்டி சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. டைப் அடித்த நான் ஒட்டியது. அக்காவுக்குத் தெரியாது, அவரிடமும் பொய் சொன்னேன். இவ்வளவுதான் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். அது என் பத்திரிகை வார்த்தைகளில் ஒன்று மாதிரி தெரிந்தது.

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது. 'அப்படியானால் பாட்டி உண்மையில் தன் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாளா?'

எனக்கு அந்த மொழியில் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு நாற்பத்து நாலாவது கேசட்டைப் போட்டேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, தினமும் ஒன்று. கோழி கத்துகிறது, மழை அடிக்கிறது, யாரோ விறகு பிளக்கிறார்கள். கிழவி இருமுகிறாள், சிரிக்கிறாள். நடுவில் அக்காவின் குரல். இளம் குரல், என்னமாய்ச் சிரிக்கிறது. அந்தக் காலத்தில் அவருக்குச் சிரித்தால் சத்தம் வந்திருக்கிறது. கேசட் முடிந்ததும் அவர் எழுத்துக்குக் கீழே என் எழுத்தில் நம்பர் போட்டு, 'இல்லை'.

ஐம்பத்து ஒன்பதாவது கேசட்டில் அக்கா எதையோ கேட்டார். கேள்வி என்று தொனியில் தெரிந்தது. பதில் வரவில்லை. நெருப்பில் சுள்ளி வெடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு கிழவி, என் ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். என் அம்மா. அதைத் தொடர்ந்து மூன்று நான்கு சொற்கள். அக்கா மறுபடி கேட்கவில்லை. டக் என்று டேப்பை நிறுத்திவிட்டார்.

அதைப் போனில் பிடித்து அனுப்பினேன். என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு யூகம்கூடச் செய்யவில்லை. மறுநாள் காலை பதில் வந்தது.

'எனக்குப் பாதிதான் புரிந்தது. என் பெரிய மாமாவிடம் போட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. பாட்டி சொல்கிறாள்: என் அம்மா என்னிடமே இருக்கட்டும்.'

அக்காவுக்கு இது தெரியும். அந்த நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து இந்தப் பதிலைக் கேட்டவர் அவர். அதனால்தான் டேப்பை நிறுத்தினார், அதனால்தான் கட்டத்தில் ஒரு கோடுகூடப் போடவிடவில்லை. தன் காதால் கேட்டதைவிட, நான் சொன்ன 'பாத்தேன்' என்ற ஒரு சொல்லை நம்பி, வாழ்வின் கடைசி மாதங்களைத் தேடித் தீர்த்துவிட்டார். இதற்கு நான் யாரிடம் போய் நிற்பது?

மத்தியானம் பேத்தியிடமிருந்து இன்னொரு படம் வந்தது. அதே நீலச் சுவர். மஞ்சள் எழுத்து இருந்த இடத்தில் நீளமாக வெள்ளை அடித்திருந்தது. 'இந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்போவதில்லை' என்று கீழே ஒரு வரி.

அக்காவின் நோட்டை எடுத்தேன். ஐம்பத்து எட்டு, இல்லை. அதற்குக் கீழே ஐம்பத்து ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.